பாட்டை ஓசியில எறக்குறது தப்பா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

தமிழ்ல பாட்டுன்னா பெரும்பாலும் சினிமா பாட்டு தான், அதனால இந்தப் பதில்கள் எல்லாம் அதை வச்சு தான் ஓடும், நடுவுல தனியா ஆல்பம் போடுற பசங்களைப் பத்தியும் வரும். "எல்லாரும் தான பண்றாங்க"ன்னு ஒரு கோஷ்டி, "எல்லாரும் திருடனுங்க"ன்னு ஒரு கோஷ்டி, ரெண்டு பேருமே காசு எங்க கிளம்பி எங்க போய் சேருதுன்னு பாக்குறதே இல்ல. என்னைக் கேட்டா அதைப் பாக்காம சரி தப்பு பேசவே முடியாது.

நேரா கேக்குறேன், ஓசி எம்பி3 எறக்குறது தப்பா இல்லையா?

தப்பு தான். ஆனா எவ்ளோ தப்புங்கறது பாட்டுக்கு பாட்டு மாறும். நேத்து வந்த பாட்டு, சில ஆப்ல சும்மாவே கேக்கலாம், அதைப் போய் ஒரு திருட்டு சைட்ல எறக்குறது ஒரு ரகம். கேசட் போட்ட கம்பெனியே மூடிப்போயி எங்கயும் காசு குடுத்து வாங்க வழியில்லாத ஒரு பழைய பாட்டை எறக்குறது வேற ரகம். சொந்தக் காசு போட்டு ஸ்டூடியோ வாடகை கட்டி பாட்டு போட்ட ஒரு பையனோட பாட்டை ஃபைலா சுத்த விடுறது மூணாவது ரகம். இந்த மூணுல எனக்கு ரொம்ப உறுத்துறது கடைசி தான், ஏன்னு கீழ சொல்றேன்.

போலீஸ் கேஸ் ஆகுமா?

1957 காப்பிரைட் சட்டத்துல 63வது பிரிவு இருக்கு, 6 மாசத்துல இருந்து 3 வருஷம் ஜெயில், 50,000 ரூபால இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். லாபத்துக்காக பண்ணலன்னா கோர்ட்டு அதை விட கம்மியா குடுக்கலாம்னும் அதுலயே இருக்கு. தமிழ்நாட்டுல 2004ல குண்டர் சட்டத்துக்குள்ளயே வீடியோ திருட்டை சேத்துட்டாங்க, திருட்டு விசிடி கொடி கட்டிப் பறந்த காலம் அது. ஆனா இதெல்லாம் காப்பி போட்டு விக்கிறவன், சைட் நடத்துறவன் மேல பாயுற சமாச்சாரம். வீட்ல உக்காந்து நாலு பாட்டு எறக்குனவர் வீட்டுக் கதவைத் தட்டுறது அமெரிக்கா மாதிரி நாடுங்கள்ல நடந்துச்சு, 2003ல இருந்து அமெரிக்கால ரெக்கார்ட் கம்பெனிங்க ஆயிரக்கணக்குல சாதாரண ஜனங்க மேல கேஸ் போட்டாங்க, 12 வயசுப் பொண்ணு கூட மாட்டுச்சு, ஊரே காறித் துப்புனதும் 2008ல அந்த வேலையை விட்டுட்டாங்க.

சட்டத்துக்குப் பயந்து ஒழுங்கா இருங்கன்னு நான் சொல்ல வரல. மாட்ட மாட்டோம்னு எல்லாருக்கும் தெரியும், அதனால தான் இதை நியாயமான்னு யோசிக்க வேண்டியிருக்கு.

கேசட் காலத்துல ஊரே ரெக்கார்டிங் சென்டர்ல தான பதிஞ்சுச்சு, அப்ப யாரும் தப்புன்னு சொல்லலையே?

சொன்னாங்க, நம்ம காதுல விழல. சட்டப்படி அதுவும் காப்பி தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடை, கண்ணாடி அலமாரி பூரா கேசட், நோட்டுல இருந்து கிழிச்ச பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுப்போம், கடைக்கார அண்ணன் அதைப் பாத்துட்டு "60 நிமிஷ கேசட்டா 90ஆ"ன்னு கேப்பாரு, டிடிகேவா சோனியான்னு கேப்பாரு, இந்தப் பாட்டு இல்ல வேற சொல்லுன்னு ரெண்டை அடிச்சு விடுவாரு. ரெண்டு நாள் கழிச்சுப் போனா உள்ள அட்டையில பாட்டு பேரெல்லாம் அவர் கையெழுத்துல வரிசையா இருக்கும், பி சைடு கடைசிப் பாட்டு மட்டும் சரணத்துல பாதியில கட் ஆகி நிக்கும், அந்தப் பாட்டை இன்னைக்கு முழுசா கேட்டாலும் அந்த இடத்துல மனசு தானா நின்னுடும்.

ஆனா அதையும் இன்னைக்கு நடக்குறதையும் ஒண்ணா வைக்க முடியாது. அந்தக் கடைக்காரர் ஒரு ஒரிஜினலாவது வாங்கியாகணும், ஒரு காப்பி எடுக்க பாட்டு ஓடி முடியுற நேரம் ஆகும், காப்பியில இருந்து காப்பி எடுத்தா இரைச்சல் தான் மிஞ்சும். அதோட, நாலு படத்துல இருந்து நமக்குப் பிடிச்ச பன்னெண்டு பாட்டை ஒரே கேசட்ல குடுக்குற வேலையை எந்த கம்பெனியும் அப்ப செய்யல, அந்த ஓட்டையில தான் ரெக்கார்டிங் சென்டர் பொழச்சுச்சு. அப்புறம் எம்பி3 சிடி வந்துச்சு, பர்மா பஜார்ல ஒரே தட்டுல நூறு பாட்டு. அதுக்கப்புறம் மொபைல் கடையில மெமரி கார்டைக் குடுத்து "மிக்ஸ்டா போட்டு விடுங்கண்ணே"ன்னு சொன்ன காலம். அந்த இடத்துல தான் பாட்டு எண்ணிக்கை இல்லாம, ஜிபி கணக்குல விக்க ஆரம்பிச்சுச்சு. யார் பாட்டுன்னு கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குறவருக்கும் தெரியாது.

ஒரு சினிமா பாட்டுல யார் யாருக்கு காசு போகுது?

இங்க தான் கொஞ்சம் பொறுமையா படிக்கணும். படத் தயாரிப்பாளர் பாட்டோட உரிமையை ஒரு ஆடியோ கம்பெனிக்கு வித்துடுவாரு. இசையமைப்பாளருக்கு படத்துக்கு இவ்ளோன்னு சம்பளம், பாட்டு எழுதுனவருக்கு பாட்டுக்கு இவ்ளோ, பாடுனவருக்கும் அப்படித்தான். வயலின், தபேலா, புல்லாங்குழல் வாசிச்சவங்களுக்கு கால்ஷீட் கணக்குல காசு, வாசிச்சு முடிச்சு வாங்கிட்டுப் போனா கதை முடிஞ்சது, பாட்டு அம்பது வருஷம் ஓடுனாலும் அவங்களுக்கு அன்னைக்கு வாங்குனது தான்.

1977ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புல, தயாரிப்பாளர் காசு குடுத்து படத்துக்காக போட வச்ச பாட்டுன்னா வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல உரிமை தயாரிப்பாளருக்குத் தான்னு சொல்லிடுச்சு. பாடுறவங்களுக்கு சட்டத்துல ஒண்ணுமே இல்லையேன்னு நீதிபதி கிருஷ்ணய்யர் அதுலயே தனியா எழுதி வச்சாரு. பாடுறவங்க வாசிக்கிறவங்க உரிமைன்னு ஒண்ணு சட்டத்துல ஏறவே 1994 ஆச்சு. ஆக ரொம்ப காலத்துக்கு "நான் எறக்குனா நஷ்டம் கம்பெனிக்குத் தான், இளையராஜாவுக்கா வாலிக்கா"ன்னு கேட்டவங்க கேள்வியில ஓரளவு உண்மை இருந்துச்சு, ஏன்னா பாட்டு வித்தாலும் விக்கலன்னாலும் அவங்கள்ல நிறைய பேருக்கு அதுக்கு மேல எதுவும் வராது.

அப்ப இப்பவும் அப்படித்தானா? ஆர்டிஸ்டுக்கு ஒண்ணும் இல்லன்னா நான் ஏன் கவலைப்படணும்?

2012ல சட்டம் மாறிடுச்சு, இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. பாட்டு எழுதுனவரும் இசை போட்டவரும் ராயல்டி வாங்குற உரிமையை எழுதியே குடுத்தாலும் அது அவங்களை விட்டுப் போகாது. தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர வேற எங்க ஓடுனாலும், ரேடியோவோ ஆப்போ ஹோட்டலோ, அவங்க எழுத்துக்கும் இசைக்கும் வர்ற ராயல்டியில உரிமையை வாங்குன கம்பெனியோட சரிபாதி பங்கு. இதுக்காக ராஜ்யசபாவுல ஜாவேத் அக்தர் நின்னு பேசுனாரு, அவரே பாட்டு எழுதுறவர் இல்லையா. வசூல் பண்ணி பிரிச்சுக் குடுக்க ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் 1969ல இருந்தே இருக்கு, நடுவுல ஏகப்பட்ட குழப்பம், 2017ல மறுபடி முறையா பதிவாச்சு. பாடுறவங்களுக்கும் சட்டத்துல ஒரு பங்கு உண்டு, அதை வாங்க தனியா சங்கம் வச்சிருக்காங்க. கால்ஷீட்டுக்கு வாசிக்கிறவங்க நிலைமை தான் இன்னும் பெருசா மாறல.

இதுல என்ன விஷயம்னா, இந்தப் பங்கு பிரிக்கிறது எல்லாம் எத்தன தடவை ஓடுச்சுங்கற கணக்கை வச்சுத் தான். நீங்க ஆப்ல கேட்டா கணக்குல ஏறும், ஃபைலா எறக்கி ஆயிரம் தடவை கேட்டாலும் அந்தப் பாட்டு ஓடவே இல்லன்னு தான் கணக்கு. கம்பெனிக்கு போற காசு குறையுறது ஒரு பக்கம், எண்பதுகள்ல வந்த ஒரு பாட்டை ஊர்ல இன்னும் இத்தன பேர் கேக்குறாங்கங்கற விவரமே எங்கயும் பதிவாகாம போறது இன்னொரு பக்கம். எழுதுனவர் இறந்துபோயி அவர் குடும்பம் தான் அந்தப் பங்கை வாங்குதுன்னா, அந்த வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இவ்ளோ சட்டம் இருந்தும் இளையராஜா நோட்டீஸ் விட்டுட்டே இருக்காரே, அது என்ன?

அது டவுன்லோட் பிரச்சனை இல்ல, பாட்டு யாருதுங்கற பிரச்சனை. 2017ல எஸ்பிபி அமெரிக்கால கச்சேரி பண்ணிட்டு இருந்தப்ப அனுமதி வாங்காம என் பாட்டைப் பாடக்கூடாதுன்னு ராஜா தரப்புல நோட்டீஸ் போச்சு, 2024ல மஞ்சும்மல் பாய்ஸ்ல குணா பாட்டு வந்ததுக்கும் போச்சு. ராஜா ரொம்பப் பண்றாருன்னு திட்டுறவங்க உண்டு, எனக்கென்னவோ இத்தன வருஷமா வாயே திறக்காம இருந்த ஒரு தொழில்ல ஒருத்தராவது கேட்டாரேன்னு தான் தோணுது. எஸ்பிபி விஷயத்துல கேட்ட விதம் எனக்கும் பிடிக்கல, அது வேற.

லீக் ஆனா விளம்பரம் தானே? கொலவெறி லீக் ஆகி தான ஹிட் ஆச்சு?

3ங்கற படத்துல வர்ற கொலவெறி பாட்டு 2011ல முதல்ல அரைகுறையா வெளிய கசிஞ்சது உண்மை தான். அதுக்கப்புறம் படக்குழு சும்மா இருக்கல, அவசர அவசரமா ஸ்டூடியோவுல பாடுற வீடியோவோட நவம்பர்ல யூடியூப்ல அதிகாரப்பூர்வமா விட்டாங்க, ஊர் உலகம் பாத்தது அந்த வீடியோவை, அதுல ஓடுன ஒவ்வொரு தடவையும் கணக்குல ஏறுச்சு. வேடிக்கை என்னன்னா அதே 3 படத்துக்குத் தான் 2012ல சென்னை ஹைகோர்ட்டுல பேர் தெரியாத ஆளுங்க மேல தடை வாங்குனாங்க, அதைக் காட்டி இன்டர்நெட் கம்பெனிங்க விமியோங்கற வீடியோ சைட் மாதிரி முழு சைட்டையே முடக்குனதும் ஜனங்க கொதிச்சுப் போனாங்க, அப்புறம் கோர்ட்டே முழு சைட்டை இல்ல, குறிப்பிட்ட லிங்கை மட்டும் தான் தடுக்கணும்னு விளக்கம் குடுத்துச்சு.

டவுன்லோடால விற்பனை குறையவே இல்லன்னு 2007ல ஓபர்ஹோல்சர் கீ, ஸ்ட்ரம்ப்ஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு ஆய்வு போட்டாங்க, அதை மறுத்து வேற சிலர் போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் சண்டை ஓயல. உலக அளவுல ரெக்கார்ட் வருமானம் 1999ல உச்சத்துல இருந்துச்சு, அதே வருஷம் தான் பாட்டை ஓசியில பகிர்ற நாப்ஸ்டர்ங்கற சாஃப்ட்வேர் வந்துச்சு, 2014 வாக்குல கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்து கெடந்துச்சு. எல்லாத்துக்கும் ஓசி டவுன்லோடு தான் காரணம்னு சொல்ல முடியாது, ஒரு பாட்டுக்காக பத்துப் பாட்டு சிடியை தலையில கட்டுன வியாபாரமும் செத்துச்சு, அது செத்தது நல்லது தான். ஆனா சம்பந்தமே இல்லன்னு சாதிக்கிறவங்களைப் பாத்தா சிரிப்பு தான் வருது.

விளம்பரம்ங்கற வாதம் ஏற்கனவே தனுஷ், அனிருத் மாதிரி முகம் தெரிஞ்சவங்களுக்கு பொருந்தும், லீக் ஆனா அடுத்த படத்துல சம்பளம் ஏறும். முகம் தெரியாத ஒருத்தருக்கு அந்தப் பாட்டே தான் சம்பளம்.

ஆப்ல கேட்டா மட்டும் ஆர்டிஸ்டுக்கு கொட்டுதா? பைசா கணக்குல தான குடுக்குறான்?

கொட்டல தான். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப் எல்லாம் வர்ற வருமானத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கை உரிமைக்காரங்களுக்கு குடுக்குறதா சொல்றாங்க, ஆனா உங்க சந்தா நீங்க கேட்ட ஆளுக்கு நேரா போகாது. எல்லார் காசையும் ஒரே அண்டாவுல போட்டு, மொத்தமா ஓடுனதுல யார் பாட்டு எவ்ளோ ஓடுச்சோ அந்த விகிதத்துல பிரிப்பாங்க. நீங்க மாசம் பூரா ஒரே ஒரு சின்ன பேண்டோட பாட்டை மட்டும் கேட்டாலும் உங்க காசுல பெரும்பகுதி பெரிய ஹிட்டு பாட்டுக்காரங்களுக்கு தான் போய் சேரும். 2024ல இருந்து இன்னொரு விதி, 12 மாசத்துல 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபைல ரெக்கார்டிங்குக்கு வர்ற பங்கே கிடையாது.

இதைப் பாத்து "அப்ப எறக்குனா என்ன"ன்னு கேக்குறாங்க, எனக்கு இது தலைகீழா தான் தெரியுது. ஊர்ப் பையன் ஒருத்தன் பாட்டு 800ல நிக்குதுன்னு வைங்க, அவனைத் தெரிஞ்ச 300 பேர் வாட்ஸப்ல வந்த ஃபைலை கேட்டுட்டு "சூப்பர் டா தம்பி"ன்னு தம்ஸ் அப் போட்டுட்டுப் போனா அவன் அந்த ஆயிரத்தைத் தாண்டவே மாட்டான். வாழ்த்துனவங்க தான் அவன் கணக்கைக் குறைச்சவங்க. முதல்ல மூணாவது ரகம் உறுத்துதுன்னு சொன்னேன்ல, இதான். அவனுக்கு தயாரிப்பாளர் சம்பளம் கிடையாது, மிக்ஸிங்குக்கு குடுத்த காசு, ஆப்ல ஏத்தி விடுற கம்பெனிக்கு கட்டுன காசு எல்லாம் அவன் கைக்காசு.

சட்டப்படி கேட்டும் ஆர்டிஸ்டுக்கு காசு வராம போயிருக்கா?

போயிருக்கு. எஞ்சாய் எஞ்சாமி 2021 மார்ச்ல வந்துச்சு, அறிவு எழுத்து, பாடகி தீ கூட சேந்து பாட்டு, சந்தோஷ் நாராயணன் இசை, சினிமா இல்லாத ஒரு தமிழ்ப் பாட்டு கோடிக்கணக்குல ஓடுச்சு. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டு இதுல இருந்து எங்களுக்கு ஒரு பைசா கூட வரலன்னு சொன்னாரு. அதை வெளியிட்ட லேபிள் தரப்புல வேற விளக்கம் சொன்னாங்க. யார் சொல்றது சரிங்கறது அவங்க தீத்துக்க வேண்டியது, நமக்குப் புரிய வேண்டியது, ஜனங்க ஒழுங்கா கேட்டாலும் நடுவுல இருக்குற குழாய் அடைச்சா தண்ணி வராது. ஆனா இங்க ஒரு வித்தியாசம், ஓடுன கணக்கு ஊருக்கே தெரியுற மாதிரி இருக்கு, அதை வச்சு அவரால எங்க காசு எங்கன்னு கேக்க முடியுது. திருட்டு சைட்ல போனதுக்கு அந்தக் கேள்வியைக் கேக்கக் கூட ஆதாரம் கிடையாது.

யூடியூப்ல இருந்து எம்பி3யா மாத்திக்கிறது ஓகேவா?

யூடியூப் விதிப்படி கூடாது, ஓடுற கணக்கும் ஒரு தடவையோட நின்னுடும். அதோட சவுண்டும் மட்டம், யூடியூப் குடுக்குறதே 128, 160 கேபிபிஎஸ்னு (சவுண்டு தரத்தோட அளவு) தான் இருக்கும், அதை 320ன்னு மாத்திக் குடுக்குற சைட் எல்லாம் ஃபைல் சைஸை மட்டும் தான் பெருசாக்குது. யாரோ ஒரு ரசிகர் ஏத்துன பழைய பாட்டை யூடியூப்லயே கேட்டா பரவால்லையான்னா, பெரும்பாலும் பரவால்ல, பாட்டை அடையாளம் கண்டு விளம்பரக் காசை உரிமைக்காரருக்கு திருப்பி விடுற ஏற்பாடு யூடியூப்ல இருக்கு.

நான் காசு குடுத்து வாங்குன சிடியை போன்ல ஏத்திக்கலாமா?

தாராளமா. சொந்த உபயோகத்துக்கு நியாயமா பயன்படுத்துறதுக்கு சட்டத்துல 52வது பிரிவுல இடம் இருக்கு, இதுக்கு அது பொருந்தும்னு தான் நான் நெனைக்கிறேன். திருட்டு சைட்ல எறக்குனதுக்கு அதே பிரிவைக் காட்டுறது செல்லாது.

எங்கயுமே கிடைக்காத பழைய பாட்டு?

இதுல எனக்கு மனசாட்சி உறுத்தறதே இல்ல. ரெக்கார்டிங் உரிமை வெளியான வருஷத்துல இருந்து 60 வருஷம், எழுத்துக்கும் இசைக்கும் அவங்க இறந்த பிறகு 60 வருஷம். கண்ணதாசன் 1981ல இறந்தாரு, அவர் வரிகளுக்கு 2041 வரைக்கும் இருக்கு. சட்டம் அப்படி, ஆனா நடுவுல மாஸ்டர் டேப் பூஞ்சை பிடிச்சு, கம்பெனி கை மாறி, யார்கிட்ட உரிமை இருக்குன்னே தெரியாத பாட்டுங்க நிறைய. அதை வீட்டு அலமாரியில இருந்த கேசட்ல இருந்து ஒருத்தர் சுத்தம் பண்ணி எடுத்து வைக்கலன்னா பாட்டே இல்லாம போயிருக்கும். கேக்க ஆள் இருக்கு, விக்க ஆள் இல்ல, இதுல யாருக்கு நஷ்டம்? என்னைக்காவது முறையா வெளியிட்டாங்கன்னா அப்ப அங்க போய் கேளுங்க, அவ்ளோதான்.

பாட்டு எல்லாருக்கும் பொதுன்னு பாரதியார் பாட்டை மட்டும் விட்டாங்கல்ல?

சும்மா விடல. பாரதி இறந்த பிறகு அவர் பாட்டுகளோட இசைத்தட்டு, சினிமா உரிமை கை மாறி ஏவி.மெய்யப்பச் செட்டியார்கிட்ட இருந்துச்சு, அவர் விட்டுக்குடுத்து 1949ல அரசாங்கம் எடுத்துக்கிட்டு அப்புறம் பொதுவாக்குச்சு. அப்பவும் செல்லம்மாவுக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபா குடுத்துட்டு தான் பொதுவாக்குனாங்க. அந்த ஓசி, யாரோ பணம் கட்டுன ஓசி.

கையில காசில்லாத ஸ்டூடண்ட் என்ன பண்றது?

விளம்பரத்தோட ஓசியா கேளுங்க, யூடியூப் இருக்கு, ஜியோசாவன் இருக்கு, ஸ்பாட்டிஃபை இருக்கு. விளம்பரம் எரிச்சல் தான், ஆனா கணக்குல ஏறும். நெட்டு எடுக்காத ஊர்ல இருக்கீங்கன்னா எறக்கி வச்சுக்கிறவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

இந்த சைட்காரங்களுக்கு என்ன லாபம்? ஜனங்களுக்காக சேவை தான பண்றாங்க?

ஒரு தடவை உத்துப் பாருங்க. ஒரு பாட்டுக்கு அஞ்சு பச்சை பட்டன் இருக்கும், நாலு பொய், ஒண்ண அமுக்குனா ரம்மி ஆப், இன்னொண்ண அமுக்குனா போன்ல வைரஸ் இருக்குன்னு அலறும். நெஜமான லிங்க் கீழ குட்டியா இருக்கும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் அவனுக்கு விளம்பரக் காசு. எறக்கி முடிச்சு பிளேயர்ல திறந்தா பாட்டு பேருக்கு பின்னாடி சைட் பேர், ஆல்பம் படத்து மேல சைட் பேர், பாடியவர்ங்கற இடத்துலயும் சைட் பேர், இசையமைப்பாளர் இடம் காலி, பாடலாசிரியர் அந்த ஃபைல்ல பிறக்கவே இல்ல. காசு குடுக்கலங்கறத விட எனக்கு இது தான் கோவம் வர வைக்கும், அடுத்தவன் எழுதுனதுல தன் பேரை ஒட்டுறதுக்கு சேவைன்னு பேர் வைக்காதீங்க.

பிடிச்ச ஆர்டிஸ்டுக்கு நேரா காசு போகணும்னா?

தனி ஆர்டிஸ்டுன்னா பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல பாட்டை விலைக்கு வாங்குங்க, அங்க பெரும்பங்கு அவங்களுக்கே போகும், ஃபைலும் உங்களுக்கே சொந்தம். கச்சேரி வச்சா ஓசி பாஸ் கேக்காம டிக்கெட் எடுங்க. சினிமா ஆளுங்கன்னா ஆப்ல கேட்டாலே போதும்.

ஏற்கனவே ஹார்ட் டிஸ்க்ல 40 ஜிபி இருக்கு, அழிக்கணுமா?

அழிச்சா யாருக்கும் ஒரு பைசா வரப்போறதில்ல. அதுல இன்னைக்கும் கேக்குற பாட்டெல்லாம் ஆப்ல இருக்கான்னு தேடி அங்க ஒரு ப்ளேலிஸ்ட் போட்டுக்கோங்க, இனிமே அங்க கேளுங்க. ஆப்ல கிடைக்காததை பத்திரமா வச்சிருங்க, இன்னொரு டிஸ்க்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க, பாதிக்கு மேல அதுக்கப்புறம் எங்கயும் கிடைக்காது. நேரம் இருந்தா டேக், அதாவது ஃபைலுக்குள்ள இருக்குற பாட்டு விவரத்தை மாத்துற சாஃப்ட்வேர் ஒண்ணைப் போட்டு சைட் பேரை எல்லாம் தூக்கிட்டு எழுதுனது யாரு, இசை யாரு, பாடுனது யாருன்னு போடுங்க, கேசட் அட்டை பழைய வீட்ல எங்கயாவது கெடந்தா அதுலயே எல்லா பேரும் இருக்கும்.